மாசிலாமணி கட்டிய அடுப்படி

தாயம்மையின் மடத்துக்குச் சீடராக வந்தபோது மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. முப்பது வருஷம் மின்கம்பம் ஏறி இறங்கிய மனுஷர், இனி மனசைக் கவனிக்கலாம் என்று வந்தார். வந்த இடத்தில் அந்த மனசைப் பிடித்துக்கொண்டது ஒரு ஐந்து வயதுப் பெண்.

மடத்தில் பதினோரு பிள்ளைகள் வளர்ந்தார்கள். கடைசியாக வந்தவள் செவ்வந்தி. அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். ஒரு மாதமாகியும் வாயைத் திறக்கவில்லை.

"இவளை எப்படிம்மா பேச வைக்கிறது?" என்று கேட்டார் மாசிலாமணி.

"விளையாட ஒரு அடுப்படி செஞ்சு குடுங்க" என்றார் தாயம்மை.

இவ்வளவுதானா என்று அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் கை சும்மா இருக்குமா? பழைய சாமான் கடையில் கண்ணாடி உடைந்த டிரஸ்ஸிங் டேபிள் ஒன்று கிடைத்தது. கூடவே கதவு கழன்ற டிவி ஸ்டாண்டு. நாலு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். டேபிள்மேல் இரண்டு பழைய சிடிகளை ஒட்டினார்; அடுப்பு ஆயிற்று. அதைத் திருகிப் பற்றவைக்க பாட்டில் மூடிகள். பலகையை வட்டமாக அறுத்து எவர்சில்வர் கிண்ணத்தை இறக்கினார். அது பாத்திரம் கழுவும் தொட்டி. ஸ்டாண்டில் சொப்புச் சாமான்களை அடுக்கினார். எல்லாவற்றுக்கும் மஞ்சள் பெயின்ட்.

பிள்ளைகள் விழுந்தடித்து விளையாடினார்கள். செவ்வந்தி தூர நின்று பார்த்தாள். மறுநாள் மற்றவர்கள் பள்ளிக்கூடம் போன பிறகு தனியாக வந்தாள். மூடியைத் திருகினாள். வெகுநேரம் எதையோ கலக்கினாள். பிறகு ஒரு காலி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து மாசிலாமணியிடம் நீட்டினாள்.

அவர் வாங்கி, ஒரே மடக்கில் குடித்தார்.

"பிரமாதம் கண்ணு. இப்படி ஒரு டீ நான் குடிச்சதே இல்ல."

செவ்வந்தி அவரையே பார்த்தாள். டம்ளரை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

அடுப்பு உயரமோ என்று மாசிலாமணி கால்களை இரண்டு அங்குலம் அறுத்தார். மஞ்சள் பிடிக்கவில்லையோ என்று பச்சை அடித்தார். தூக்கம் கெட்டதுதான் மிச்சம். கடைசியில் குருவிடம் போய் நின்றார்.

"எங்கயோ தப்புப் பண்ணிட்டேம்மா. என்னன்னுதான் தெரியல."

தாயம்மை கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு வந்து அந்த அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"தலை வலிக்குது. யாராச்சும் டீ போட்டுக் குடுத்தா தேவலை" என்றார் பொதுவாக.

பாதிக் கீரையை ஆய்ந்தபோது செவ்வந்தி வந்தாள். மூடியைத் திருகினாள். நிஜ டீ கொதிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆனது. தாயம்மை அவசரப்படவில்லை.

டம்ளர் வந்தது. தாயம்மை முந்தானையைச் சுருட்டி, அதைக்கொண்டு டம்ளரைப் பிடித்தார். ஊதினார். உதட்டில் வைத்தவர் சட்டென்று எடுத்துத் தரையில் வைத்தார்.

செவ்வந்தி குனிந்து டம்ளருக்குள் பார்த்தாள்.

"ஆத்தித் தரட்டா?" என்றாள்.

ஒரு மாதத்துக்கு மேல் புழங்காத குரல், கரகரத்திருந்தது.

"தா கண்ணு."

அவள் இன்னொரு டம்ளரைக் கொண்டுவந்து, கையை உயர்த்தி உயர்த்தி ஆற்றினாள். கீழே சிந்தியதைப் பாவாடையால் துடைத்தாள். மாசிலாமணி சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் போன பிறகு கேட்டார்.

"நானும் ஒரு சொட்டு விடாம ஒரே மடக்குல குடிச்சேனேம்மா. நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்?"

தாயம்மை மிச்சக் கீரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கொதிக்கக் கொதிக்கக் கொண்டாந்து குடுத்திருக்கா. ஒரே மடக்குல குடிச்சீங்களே ஐயா, வாய் சுடலையா?"