முப்பத்தெட்டுப் பேர்

“அம்மா, ஒரு மனுஷனை மனசுலேருந்து எப்படி எடுக்கிறது?” என்று நயினார் கேட்டார்.

உலகம்மை முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கழிமுகத்துக் குடிசையில் அவர் தனியாக இருந்தார். வயது நாற்பத்தொன்று. நயினாருக்கு அறுபத்து மூன்று. உலகம்மையைக் குருவாகக் கொண்டு அவருக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

“யாரை எடுக்கணும்?”

“யோனாஸை.”

யோனாஸ் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர். கலங்கரை விளக்கைப் பழுதுபார்க்க வந்து, மனைவியோடு அங்கேயே தங்கிவிட்டார். பதினோரு வருஷம். அவர் வீட்டுக்கும் நயினார் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். சனிக்கிழமை தவறாமல் இருவரும் ஒரே பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை யோனாஸின் மனைவி இறந்துபோனார். ஊரார் அவரை ரொட்டியம்மா என்பார்கள். திங்கட்கிழமை அடக்கம். இன்று வியாழன்.

“அப்படி என்ன செஞ்சுட்டார்?”

“அழலை, அம்மா. ஒரு சொட்டு இல்லை. அடக்கம் முடிஞ்சு எல்லாரும் அவன் வீட்டுக்குத் திரும்பறோம். பொம்பளைங்க மாரடிச்சு அழறாங்க. இவன் வாசல்ல நின்னு வாங்க, வாங்கங்கறான். இழவு வீட்டுல யாராவது வாங்கன்னு சொல்வாங்களா? கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்கிறவன் மாதிரி சிரிச்சுக்கிட்டு நிக்கிறான்.”

“அப்புறம்?”

“தட்டுல இனிப்பு ரொட்டி. ஆளுக்கு ஒண்ணு. பெண்டாட்டியைப் புதைச்ச கையோட பலகாரம். யார் தொடுவா? மீன்காரி எசக்கி, ‘அடுத்த கல்யாணத்துக்கு அச்சாரமா’ன்னு முணுமுணுத்தா. எனக்கு மானம் போச்சு. அவன் என் சிநேகிதன்னு எல்லாருக்கும் தெரியும்.”

“எத்தனை பேர் போயிருந்தீங்க?”

“முப்பத்தெட்டு.”

நயினார் எதையும் எண்ணாமல் விடுபவர் அல்ல.

“இப்போ என்ன செய்யறார்?”

“நாளைக்குக் கப்பல்ல அவன் ஊருக்குப் போறானாம். இனி வரமாட்டானாம். போகட்டும்.” தலையைக் குனிந்துகொண்டார். “ஆனா மூணு நாளா சோறு இறங்கலை. அதான் கேக்கறேன். எப்படி எடுக்கிறது?”

உலகம்மை முறத்தைக் கீழே வைத்தார். எழுந்தார். நயினாரின் முகத்தைப் பார்க்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

நயினார் காத்திருந்தார்.

கழியில் நீர் ஏறியது. கூரை நிழல் சுருங்கி வாசற்படியில் ஒட்டிக்கொண்டது.

கேட்டது தப்போ என்று நினைத்தார். ஆறு வருஷத்தில் குருவிடம் செய்த பிழைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். பதினேழு வந்தன.

உச்சி வேளைக்கு உலகம்மை திரும்பி வந்தார். இடுப்பில் தண்ணீர்க் குடம்.

“நான் எழுந்து போனப்போ என்ன நினைச்சீங்க?”

“என்மேல வெறுப்புன்னு நினைச்சேன், அம்மா.”

“குடம் காலியா இருந்தது. தண்ணிக்குப் போனேன்.” குடத்தை இறக்கி வைத்தார். “யோனாஸ் வீட்டுலேருந்து கிளம்பறப்போ அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“இழவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்லலாமா? இன்னொரு சாவைக் கூப்பிட்ட மாதிரி ஆயிடாதா? யாரும்தான் சொல்லலை. பேசாம எழுந்து...”

நயினார் பாதியில் நிறுத்தினார்.

பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தார்.

*

யோனாஸ் வீட்டில் மூன்று பெட்டிகள் கட்டி முடிந்திருந்தன. நான்காவது திறந்து கிடந்தது.

“உட்காருங்கள், நயினார்,” என்றார் யோனாஸ். சிரித்தார்.

“ஏன் சிரிக்கறே?”

“துக்கம் என்னுடையது. பார்க்க வருகிறவர் தோளில் அதை ஏற்றி அனுப்புவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. வாசலில் நின்று வரவேற்க வேண்டும். போகும்போது ஒவ்வொருவர் கையையும் பிடித்து அனுப்ப வேண்டும்.” தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். “முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். கையை நீட்டிக்கொண்டே நின்றேன். ஒருவரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. நீங்களும்தான்.”

“அந்த ரொட்டி?”

“சாவதற்கு முந்தின நாள் அவளே சுட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சுட்டாள். வருகிறவர்கள் வெறும் வாயோடு போகக் கூடாது என்றாள்.”

நயினார் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

“பதினோரு வருஷத்துல நீ ஒரு இழவு வீட்டுக்கும் வந்ததில்லையே, யோனாஸ். வந்திருந்தா எங்க வழக்கம் தெரிஞ்சிருக்குமே.”

“யாரும் அழைக்கவில்லை.”

“சாவுக்கு யாரும் அழைக்கமாட்டாங்க. கேள்விப்பட்டா போகணும். என் தம்பி செத்தப்போகூட நீ தெருவுலயே நின்னே. தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு. சாயங்காலம் வரைக்கும்.”

“உள்ளே வா என்பீர்கள் என்று நின்றேன்.”

நயினார் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

பிறகு சொன்னார். இழவு வீட்டில் வா என்று சொல்வதில்லை என்று. போய் வருகிறேன் என்று சொன்னால் சாவு திரும்பி வந்துவிடும் என்று பயப்படுவார்கள் என்று. அங்கே யாரும் வாய் நனைக்கமாட்டார்கள் என்று. சொல்லாமல் எழுந்து போனது அந்த வீட்டுக்கு நல்லது நினைத்துத்தான் என்று.

யோனாஸ் அசையாமல் கேட்டார்.

“அப்படியென்றால், அவளை அவர்களுக்குப் பிடித்திருந்ததா?”

“மாரடிச்சு அழுதாங்களே.”

“அது சடங்கு என்று நினைத்தேன்.”

“எசக்கி இன்னும் மீன் விக்கப் போகலை, யோனாஸ். கூடை கவிழ்ந்து கிடக்கு.”

யோனாஸின் சிரிப்பு அப்போதுதான் போனது. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ நயினார் கையை நீட்டினார். பாதியில் இழுத்துக்கொண்டார்.

“யோனாஸ், உங்க ஊர்ல இந்த நேரத்துல பக்கத்துல இருக்கிறவன் என்ன செய்வான்?”



“போனவர் பெயரைச் சொல்வான்,” என்றார் யோனாஸ், கைகளுக்குள்ளிருந்து. “வேறொன்றும் வேண்டாம். பெயரை மட்டும்.”

அடுத்தவர் மனைவியைப் பெயர் சொல்வது நயினார் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யோனாஸ் கூப்பிட, தினமும் காதில் விழுந்த பெயர்தான். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் வாயில் வந்ததில்லை.

எழுந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“மார்த்தா,” என்றார்.