வகுப்புக்குப் போன தூக்கணாங்குருவி

ஒரு காட்டின் ஓரத்தில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதன் பக்கத்துக் கிணற்றின் மேல் ஒரு கருவேல மரம் சாய்ந்து நின்றது. மழைக்கு முன்னால் தூக்கணாங்குருவிகள் அங்கே கூடு கட்ட வரும். ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னி வைக்கும். பெண் குருவி வந்து இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் கல்யாணம், மீதிக் கூடு அதற்கப்புறம்.

செம்பியன் என்ற ஆண் குருவி மட்டும் நாலு புல்லை முடிச்சுப் போட்டதுமே ஆறாம் வகுப்பு ஜன்னலுக்குப் போய்விட்டது. அங்கே ஆசிரியை ஆங்கிலத்தில் எதிர்காலம் நடத்திக்கொண்டிருந்தார். 'வில்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், இனிமேல் செய்யப்போவதை எல்லாம் சொல்லிவிடலாம். செம்பியனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாவம், புல்லோடு மல்லுக்கட்டிய அலகுக்கு இது பெரிய சுகம்தானே.

பத்து நாளாக ஒரு வகுப்பைக்கூட அது விடவில்லை. கூடு என்னாயிற்று என்று யார் கேட்டாலும், "ஐ வில் பில்ட்" என்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று பக்கத்துக் கிளைக் குருவிகள் சிரித்தன.

பதினோராம் நாள் அல்லி என்ற பெண் குருவி வந்தது. பார்த்ததுமே செம்பியனுக்கு அதைப் பிடித்துவிட்டது. வாசல் இங்கே வரும், முட்டை அறை அங்கே வரும், காற்றுக்கு ஆடாமல் ஈரமண் பூசுவேன் என்று எல்லாவற்றையும் விளக்கியது.

அல்லி பொறுமையாகக் கேட்டது. பிறகு, தொங்கிய நாலு புல்லையும் மெல்ல இழுத்தது. அவை உருவிக்கொண்டு கிணற்றில் விழுந்தன.

"நீங்க நல்லாப் பேசுறீங்க," என்றது வருத்தமாக. "ஆனா கட்டப்போற கூட்டுல நான் முட்டை வெச்சா, அதுவும் கிணத்துலதானே விழும்? மழைக்கு எட்டு நாள்கூட இல்ல."

செம்பியனுக்கு அழுகை முட்டியது. பாடத்தில் தப்பில்லை, பாதியைப் படித்துவிட்டு, சொன்னதைச் செய்யும் மீதியைத் தான்தான் விட்டுவிட்டோம் என்று அதற்குப் புரிந்தது.

மறுநாள் பள்ளி மணி அடித்தபோது ஜன்னலில் குருவி இல்லை.

மூன்றாம் நாள் அல்லி மறுபடியும் அந்தப் பக்கம் வந்தது. "மழைக்குள்ள முடிச்சுடுவீங்களா?" என்று கேட்டது.

செம்பியன் அடுத்த முடிச்சை இறுக்கியது. அதன் அலகில் கோரைப்புல் இருந்தது. அல்லி எதிர்க்கிளையில் உட்கார்ந்து, அது பின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நீதி: நாளைக்குச் செய்வேன் என்பதை இன்றே தொடங்கியவன்தான் எதிர்காலத்தைக் கற்றவன்.