கப்பல் ஓலைக்கு இன்றைய விலை

நெடுங்காலத்துக்கு முன்பு வெண்குன்ற நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பது ஒரு பேச்சுக்கு. அவன் ஆசைப்படுவான், மற்றவர்கள் அலைவார்கள். இந்த மாதிரி ராஜாக்களின் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கூடவே அலைந்த மந்திரி கூத்தரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. முழங்கால் வலியோடு ஏழு வருஷமாக அவர் ஓய்வு கேட்கிறார். "அடுத்த சித்திரையில் பார்க்கலாம்" என்பான் ராஜா.

ஒரு சித்திரையில் ராஜாவுக்கு வந்த ஆசை, பட்டத்து யானைக்குப் பொன் ஓடு வேய்ந்த கொட்டில். கையில் காசில்லை. களஞ்சியத்தில் ஊருக்கான விதைநெல் இருந்தது. அதை விற்க வேண்டுமானால், திருப்பி வாங்கும் அளவுக்கு அரண்மனையில் சொத்து இருக்கிறது என்று மந்திரி முத்திரை வைக்க வேண்டும். அது அந்த நாட்டு வழக்கம்.

"சொத்துக்கு என்ன குறை?" என்றார் பொக்கிஷக்காரர் சிங்கணர். மந்திரி பதவி மேல் அவருக்கு வெகுநாளாய் ஒரு கண். "கற்பூரம் ஏற்றக் கிழக்கே போன கப்பலின் லாபத்தில் பங்கு என்று ஊரார் வாங்கியது போல நம்மிடமும் நாற்பது பங்கோலை இருக்கிறது. ஒன்று பத்துப் பொன்னுக்கு வாங்கியது. காற்று, கற்பூர விலை எல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது ஓலை ஒன்று நூறு பொன் பெறும்!"

"கப்பல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு சேதியும் இல்லையே" என்றார் கூத்தர்.

"மந்திரிக்கு வயதாகிவிட்டது, மன்னா. நல்லது எதுவும் அவர் கண்ணில் படாது."

ராஜா சிரித்தான். "முத்திரையை வையும், கூத்தரே!"

விதைநெல் போனால் ஆடியில் ஊர் எதை விதைக்கும்? வாதாடவும் கூத்தருக்குத் தெம்பில்லை. "வைக்கிறேன், மன்னா. அதற்கு முன் ஒரே ஒரு நாள் சிங்கணர் அரண்மனை வாசலில் உட்காரட்டும். தாம் சொல்லும் விலைக்கு யார் கேட்டாலும் அரண்மனை ஓலையைக் கொடுக்கட்டும். யார் ஓலை கொண்டுவந்தாலும் அதே விலைக்குத் தம் சொந்தப் பணத்தில் வாங்கட்டும். நூறு பெறும் பொருளை நூறுக்கு வாங்கினால் அவருக்கு என்ன நஷ்டம்?"

"அதுதானே!" என்றான் ராஜா. சிங்கணரும் மீசையை முறுக்கிக்கொண்டார். தம் கணக்கைத் தாமே நம்பிவிட்டார் மனுஷன்.

ஊரில் முரசு அறைந்தார்கள். மறுநாள் விடிந்ததும் முதலில் வந்தவள் செக்காட்டும் குப்பாயி.

"சாமி, எங்கிட்ட ரெண்டு ஓலை கெடக்கு. நூறுன்னா எடுத்துக்கோங்க. கையோட காசக் குடுத்துடுங்க."

அவள் பின்னால் வரிசை பூக்கடைத் தெரு வரை நின்றது. வாங்க ஒருவரும் இல்லை.

இருபது ஓலையில் சிங்கணரின் பெட்டி காலி. இன்னும் ஐந்தில் கழுத்துச் சங்கிலி போனது. "ஐம்பது!" என்று கத்தினார். வரிசை குறையவில்லை. "பத்து!" என்றார்.

"பத்துன்னாலும் சரிதான் சாமி, போட்ட காசாவது வருதே" என்றான் ஒரு வெற்றிலைக்காரன். கடுக்கனும் மோதிரமும் கழன்றன.

பொழுது சாயும் நேரத்தில் "நாலு!" என்றபோதுதான் ஒரு மீன்காரன் காசை நீட்டினான். "நாலுன்னா எனக்கு ஒண்ணு குடுங்க. போனாப் போகுது, வந்தா லாபம்." அவன் பின்னால் வாங்கச் சிலர் சேர்ந்தார்கள். விற்கவும் சிலர் நின்றார்கள்.

அப்போது ராஜாவே வாசலுக்கு வந்துவிட்டான். "என்ன சிங்கணரே, நாற்பது ஓலைக்கும் சேர்த்து நாலாயிரம் என்றீர். வெறும் நூற்றறுபதுதானா?"

"கப்பல் வந்தால் நூறு, மன்னா..." என்று இழுத்தார் சிங்கணர்.

"வந்தால் நூறு. இன்றைக்கு நாலு" என்றார் கூத்தர். "விதைநெல்லை இன்றைக்குத்தானே விற்கப் போகிறோம்?"

ராஜா சிங்கணரின் வெறுங்காதைப் பார்த்தான். அதோடு கொட்டில் பேச்சு நின்றது. தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தருக்குப் போட்டான். "இன்னும் என்ன வேண்டும், கேளும்!"

"ஓய்வு, மன்னா."

"உம்மையா? லட்சம் பொன் கொடுத்தாலும் விடமாட்டேன்!"

"என்னையும் ஒரு நாள் வாசலில் வைத்துப் பாருங்கள், மன்னா. இந்த முழங்காலுக்கு நாலு பொன் வந்தால் அதிகம்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "அடுத்த சித்திரையில் பார்க்கலாம்" என்றான்.

கப்பல் வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஆடியில் மழை வந்தது. விதைக்க நெல் இருந்தது.