சத்தம் வராத அழுகை

குமரவேள் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சிக்கு வந்திருந்த மருத்துவன். அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் மெர்சி.

குறைமாதத்தில் பிறந்த பெண்குழந்தை ஒன்று அங்கே கிடந்தது. குடல் அழுகி, வயிற்றைத் திறந்து அறுவை செய்திருந்தார்கள். தொண்டைக்குள் போட்ட குழாய் வழியாக எந்திரம் மூச்சைக் கொடுத்தது. குழந்தை எந்திரத்தோடு முரண்டு பிடித்தது. குமரவேள் தூக்க மருந்து கொடுத்தான். அடங்கிவிட்டது.

வெளியே நின்ற தாய் இசக்கியம்மாளிடம், பிள்ளைக்கு வலி இல்லை, நிம்மதியாகத் தூங்குகிறது என்று சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் அவள் சாப்பிடப் போனாள்.

காலை ரவுண்ட்ஸில் மெர்சியிடமும் அதையே சொன்னான்.

"வலி இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அழவே இல்லை மேடம். அமைதியா இருக்கு."

"இந்த ஆஸ்பத்திரியிலேயே அமைதியான இடம் மார்ச்சுவரிதான்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்.

மெர்சி அவனைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னார். நர்ஸ் வயிற்றுக் கட்டை மாற்றும்போது, காயத்தைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்க்கச் சொன்னார்.

பிளாஸ்திரி உரிந்தது. குழந்தையின் புருவங்கள் நெருங்கின. கண்கள் இறுகின. குழாயைச் சுற்றி வாய் அகலத் திறந்தது. நாக்கு நடுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"அந்தக் குழாய் எது வழியா உள்ளே போகுது?"

"குரல்நாண்களுக்கு நடுவில..."

அவன் மறுபடியும் குழந்தையின் திறந்த வாயைப் பார்த்தான்.

வலிக்கு என்ன கொடுத்தாய் என்று மெர்சி கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை. தூக்க மருந்து வலியைத் தொடாது என்பது அவன் படித்ததுதான். ஆனால் ரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தது. வலி மருந்தான மார்ஃபின் அதை இன்னும் இறக்கிவிடும், கொடுக்கப் பயமாக இருந்தது என்றான்.

மெர்சி தூக்க மருந்தைக் குறைத்தார். மிகக் குறைந்த அளவில் மார்ஃபினை எடுத்து, சொட்டுச் சொட்டாக இறங்கும்படி பம்பில் வைக்கச் சொன்னார். பிறகு மூலையில் கிடந்த ஸ்டூலைத் தானே இழுத்து வந்து குழந்தையின் முகத்துக்கு நேராகப் போட்டார்.

குமரவேளின் விரல் பம்பின் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"அழுத்தம் இன்னும் இறங்கினா? என் கையால இது செத்துப்போனா, மேடம்?"

"செத்தும் போகலாம். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இரு. அதுக்குத்தான் ஸ்டூல்."