இடது கால்

குரு என்றால் தாடி வேண்டும், மரத்தடி வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தெட்டு. பெயர் எப்சிபா. பாளையங்கோட்டையில் ஒரு மாவு மில்லுக்கு மேலே, மாடி அறையில் டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறாள். கீழே மில் ஓடுகிற சத்தத்தில், மேலே யார் என்ன அடித்தாலும் தெருவில் ஒருத்தரும் சண்டைக்கு வருவதில்லை. இடம் பார்த்துப் பிடித்திருக்கிறாள், கெட்டிக்காரி.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் தவசிக்கனி. முப்பத்துமூன்று வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை, தோளில் துண்டோடு படியேறி வந்து வாசலிலேயே நின்றார்.

"யாரைச் சேக்கணும் அண்ணாச்சி? பேரனையா?" என்று கேட்டாள் எப்சிபா.

"என்னையத்தான்."

அவள் சிரிக்கவில்லை. அதுவே அவருக்குப் பாதி தைரியம் கொடுத்தது.

"இந்த வயசுல எனக்கு வருமா டீச்சர்?"

அவள் ஸ்டூலைக் காட்டினாள். தவசிக்கனி போய் உட்கார்ந்தார். ஸ்டூலை முன்னால் இழுத்தார். கொஞ்சம் பின்னால் தள்ளினார். உயரத்தைத் திருகிச் சரிபண்ணினார். பிறகு வலது பக்கம் மேலே பார்த்தார், இடது பக்கம் மேலே பார்த்தார்.

"என்ன தேடுதீங்க?"

"கண்ணாடி." அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. "பழக்கதோஷம்."

"பின்னால யாரு ஏறுதா, யாரு இறங்குதான்னு பாப்பீங்க, இல்லையா?"

"பாக்காம வண்டிய எடுக்க முடியுமா?"

"அப்போ வரும். குச்சியைப் பிடிங்க."

பிடித்தார். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடி. அவள் ஒவ்வொரு விரலாக எடுத்துத் தளர்த்திவிட்டாள்.

"எதுக்காகக் கத்துக்கணும்?"

"பங்குனி உத்திரத்துக்கு மகன் வாரான். அதுக்குள்ள ஒரே ஒரு பாட்டுக்கு வாசிக்கணும்."

"மகனுக்கு டிரம்ஸ் பிடிக்குமோ?"

தவசிக்கனி ஜன்னல் பக்கம் பார்த்தார். "பிடிக்கும்," என்றார்.

அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். மகன் பெயர் சிவபாலன். காலேஜ் படிக்கிறபோது, லீவு நாளெல்லாம் பந்தல் வேலைக்குப் போய், பழைய டிரம் செட் ஒன்றை வாங்கி மொட்டைமாடியில் வைத்திருந்தான். தவசிக்கனி ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு காலையில்தான் வந்து படுப்பார். படுத்தால் மேலே தும் தும். எத்தனையோ தடவை சொன்னார். ஒருநாள் சொல்லவில்லை. காய் நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நாலு டிரம்மின் தோலையும் கிழித்தார். மகன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் கத்தாருக்குப் போனான். ஏழு வருஷமாக அம்மாவுக்கு மட்டும்தான் போன். தப்பித் தவறி அப்பா எடுத்தால், "அம்மாட்ட குடுங்க" என்பான். அந்த இரண்டு வார்த்தையைத் தவிர ஏழு வருஷத்தில் அப்பாவுக்கு அவன் குரல் கிடைக்கவில்லை. இந்த வருஷம் உத்திரத்துக்காவது குலசாமி சாஸ்தா கோயிலுக்கு வந்து நில்லு என்று அம்மா அழுததில், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நாலு நாள் லீவு. நாலே நாள்.

"மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துருமா?" என்று அவர் சம்சாரம் ஜெயக்கொடி கேட்காத நாள் இல்லை. அவருக்குச் சொல்லத்தான் ஆசை. தொண்டை வரைக்கும் வரும். அங்கேயே நின்றுவிடும். ரிட்டயர் ஆனதும் பரணில் கிடந்த டிரம் செட்டை இறக்கினார், துடைத்தார், நாலு டிரம்முக்கும் புதுத் தோல் மாட்டினார். மாட்டிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியவில்லை. அப்படித்தான் மாவு மில் படியேறினார்.

இரண்டு மாதத்தில் கை ஓரளவு வந்துவிட்டது. கால்தான் படுத்தியது.

டிரம் செட்டில் இரண்டு காலுக்கும் வேலை உண்டு. வலது கால் மிதித்தால் பெரிய டிரம் தும் என்னும். இடது காலுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பித்தளைத் தட்டுகள். மிதித்தால் மூடிக்கொள்ளும், காலைத் தூக்கினால் திறந்து கலகலக்கும். பாட்டு மேலே ஏறுகிற இடத்தில் வலது கால் ஓங்கி இறங்க வேண்டும், இடது கால் மேலே நிற்க வேண்டும். தவசிக்கனிக்கு வலது கால் ஓங்கி இறங்கினால் இடது காலும் கூடவே இறங்கும். பிரேக், கிளட்ச். முப்பத்துமூன்று வருஷம் இரண்டு காலும் சேர்ந்து இறங்கித்தான் வண்டி நின்றிருக்கிறது. கலகலக்க வேண்டிய தட்டு சப்பென்று மூடும். ஏறப்போன பாட்டு, ஸ்டாப்பில் நிற்கிற பஸ் மாதிரி நிற்கும்.

"அண்ணாச்சி, அந்த இடது கால்..." என்று ஆரம்பித்தாள் எப்சிபா.

கரண்ட் போய்விட்டது. கீழே மில் முனகி நின்றது. திடீரென்று அறையில் தவசிக்கனியின் டிரம் மட்டும் கேட்டது. அவர் பதறிப்போய் குச்சியை நிறுத்தி, டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"வெளிய கேக்கும்."

"கேக்கத்தான அடிக்கோம்."

அவர் கையை எடுக்கவில்லை.

"இந்தச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு ஒருநா நான் கத்தி எடுத்தேன் டீச்சர்."

எல்லாவற்றையும் சொன்னார்.

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"வாய் வரல. கை வருமான்னு பாக்கேன்."

எப்சிபா அவர் இடது காலைப் பார்த்தாள். பிறகு, "உங்க மகன் எப்படி வாசிப்பாரு?" என்று கேட்டாள்.

தவசிக்கனியின் முகமே மாறிவிட்டது.

"அவனா? அவன் காது அப்படி டீச்சர்! தெருப் பயக்க எல்லாம் மாடிக்கு வந்து தட்டிப் பாப்பானுக. இவன் கீழ சாப்பிட்டுக்கிட்டு இருப்பான். மேல ஒரு தப்பு கேட்டாப் போதும், சோத்துத் தட்டை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுருவான். போயி, பக்கத்துல உக்காந்து, கையைக் காலைப் பிடிச்சு சரி பண்ணிட்டுத்தான் இறங்குவான். அதுக்குள்ள குழம்பு ஆறிப் போயிரும். அதுக்கும் நான் ஏசுவேன்."

சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

கரண்ட் வந்தது. மில் ஓடியது.

"இடது கால்னு என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு நாள் பாப்போம்," என்றாள் எப்சிபா.

அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. மற்றதை எல்லாம் அவள் விடாமல் பிடித்தாள். தோளை இறக்கச் சொன்னாள். மணிக்கட்டைத் திருத்தினாள். அவர் பாட்டை விட்டு வேகமாக ஓடினால், "யாரை முந்தப் பாக்கீங்க? முன்னால வண்டியே இல்ல," என்பாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிடும், வேகமும் அடங்கிவிடும்.

கார்த்திகையில் அவரே கேட்டார். "இடது கால் கூடவே இறங்குது டீச்சர்."

"இறங்கட்டும்."

தையில் மறுபடியும் கேட்டார். அவள் டீ போடப் போய்விட்டாள்.

மாசியில் அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. கிழவனுக்கு இவ்வளவுதான் என்று டீச்சர் முடிவு பண்ணிவிட்டாள் என்று நினைத்தார். வீட்டில் இடது காலைத் துண்டால் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்தார். ஜெயக்கொடி அடுக்களையிலிருந்து வந்து பார்த்து வாயில் கை வைத்தாள்.

"என்ன கூத்து இது? ஓடிப் போயிருமா கால்?"

"சும்மா இரு. தட்டு தொறந்தே இருக்கு பாத்தியா?"

"தட்டு இருக்கட்டும். உங்க மூஞ்சியப் பாருங்க, பல்லு பிடுங்கப் போற மூஞ்சி."

அந்தச் சனிக்கிழமை வகுப்பிலும் உட்கார்ந்ததும் துண்டை எடுத்து இடது காலை ஸ்டூலோடு கட்டினார். எப்சிபா கோபப்பட்டு அவர் பார்த்தது அன்றைக்குத்தான். மடமடவென்று வந்து, கீழே உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்தாள்.

"இதை யாரு கட்டச் சொன்னா?"

"கால் நிக்க மாட்டேங்குது..."

"கையைத் தொட்டேன், தோளைத் தொட்டேன், கழுத்தைக்கூட நிமித்திவிட்டேன். இந்தக் காலைத் தொட்டேனா?"

"தொடல. அதான் நானே..."

"நான் தொடாததை நீங்களும் தொடாதீங்க."

துண்டை உதறி அவர் தோளில் போட்டாள். அவர் அன்றைக்கு டீ குடிக்காமல் படியிறங்கிப் போனார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் ஜெயக்கொடிதான் துரத்திவிட்டாள். "பிள்ளை வர அஞ்சு நாள்தான் இருக்கு. ரோஷத்தை அப்புறம் பாத்துக்கிடலாம், கெளம்புங்க."

வந்தார். எப்சிபா கீபோர்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பாட்டை முழுசா எடுப்போம்," என்றாள். சிவபாலன் மொட்டைமாடியில் ஓயாமல் வாசித்த பாட்டு அது. தவசிக்கனி எத்தனையோ பகல் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு கேட்டது.

வாசித்தார். கை பிசகவில்லை. எங்கேயும் முந்தவில்லை. பாட்டு மூன்று இடத்தில் ஏறியது. மூன்று இடத்திலும் இடது கால் இறங்கியது.

பாட்டு முடிந்தது. குச்சியை மடியில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன். நெசமாச் சொல்லணும்."

"கேளுங்க."

"ஏழு மாசம். எல்லாத்தையும் சரி பண்ணுனீங்க. இந்தக் காலை மட்டும் விட்டுட்டீங்க. கெழவன்தான, இவ்வளவு போதும்னா?"

"இல்ல."

"பின்ன ஏன்? உங்களுக்குத் தெரியாததா?"

"நாலு வாரத்துல மாத்தியிருப்பேன்."

தவசிக்கனி நிமிர்ந்து பார்த்தார்.

"மாத்தியிருக்கலாம்லா? என் மானம் போவுதே டீச்சர். அவன் எங்க இருந்தாலும் கேட்டுருவான். அடுக்களையில சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் கேட்டுருவான். இது தப்புன்னு அவனுக்குத் தெரிஞ்சுரும்."

"தெரியணும்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்சிபா எழுந்து வந்தாள். அவர் மடியிலிருந்த குச்சி இரண்டையும் எடுத்து, அவருடைய துண்டிலேயே சுற்றி, அவர் கையில் கொடுத்தாள். கீழே மில் ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் குனிந்து, காதருகே சொன்னாள்.

"எல்லாத்தையும் நானே சரி பண்ணிட்டா, உங்க மகன் எதுக்கு அண்ணாச்சி சோத்துத் தட்டை வெச்சுட்டு எந்திரிச்சு வந்து உங்க பக்கத்துல உக்காரணும்?"