இரண்டு அடுப்பு எரிந்த காடு

நான்கு மலைகளுக்கு நடுவே ஒரு காடு. அங்கே கரடியார் விறகடுப்பு மூட்டி, எல்லோருக்கும் இலுப்பைப்பூ வறுத்துக் கொடுப்பார். பல வருடமாக எரியும் அடுப்பு அது. அதன் புகை மலைகளைத் தாண்டிப் போகாமல், போர்வை போலக் காட்டை மூடிக்கொண்டது. உள்ளே சூடு ஏறியது. குளம் வற்றத் தொடங்கியது.

ஒரு நாள் மந்தி கண்ணாடி போல மின்னும் காக்காய்ப்பொன் தகடுகளைப் பொறுக்கி வந்து, பாறையைச் சுற்றி அடுக்கியது. வெயில் நடுவில் குவிந்தது. புகையே இல்லாமல் பூ வறுபட்டது!

"வெயிலடுப்பு வந்தாச்சு! இனி என்ன கவலை!" என்று குதித்தார் கரடியார்.

ஆனால் பழைய அடுப்பை அவர் அணைக்கவில்லை. மழை நாட்களில் அதன் பக்கத்தில்தான் அவர் மனைவி உட்கார்ந்து பூவைக் கிளறுவாள். "தீயவிட்டுடாதீங்க, தூங்குமூஞ்சி!" என்று கேலி செய்வாள். அவள் போய் நான்கு வருடமாகிறது. தணலைப் பார்த்தால் அந்தக் குரல் கேட்பது போலிருக்கும்.

அதனால் இரண்டு அடுப்பும் எரிந்தன. பூ இரண்டு மடங்கானது. விருந்தும் இரண்டு மடங்கானது. குளம் மட்டும் சுருங்கிக்கொண்டே போனது.

கணுக்கால் நீரில் தாய் விரால் ஒன்று தன் சிவந்த குஞ்சுகளைச் சுற்றிச் சுற்றிக் காவல் காத்தது. தண்ணீர் குடிக்க வந்த கரடியாரை அது விடவில்லை.

"நல்லாக் குடிங்க மாமா! நாளைக்கு என் பிள்ளைங்களையும் சேர்த்துக் குடிக்கலாம்!"

"என்ன பேச்சு இது! அதான் வெயிலடுப்பு வந்தாச்சே!"

"வந்தது தெரியும். பழையது போச்சா?"

"அது என் வீட்டுக்காரி உட்கார்ந்து கிளறின அடுப்பு, தாயி."

"அத்தை இருந்தா, என் பிள்ளைங்க வேகுறதைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்களா?"

கரடியார் அடுப்புக்குத் திரும்பினார். அவளுக்காகவா எரித்தேன், எனக்காகவா? தணலை வெகுநேரம் பார்த்தபடி நின்றார். பிறகு இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளிப் போட்டார்.

"ஐயோ, அணைச்சிட்டீங்களா?" என்று அலறியது மந்தி. "மேகம் மூடினா பூவுக்கு எங்கே போறது?"

"வெயில் இருக்கும்போதே வறுத்து வை, சோம்பேறி!"

புகை ஒரே நாளில் கலையவில்லை. குளம் இன்னும் இரண்டு விரற்கடை இறங்கியது. குஞ்சுகளில் சில பிழைக்கவில்லை. பிறகு போர்வை மெல்ல மெலிந்தது, சூடு தணிந்தது. அடுத்த மழையில் குளம் நிறைய, மிச்சக் குஞ்சுகள் ஆழத்துக்கு நீந்திப் போயின.

புகையில்லாத புது வழி வந்தால் மட்டும் போதாது, புகைகிற பழைய வழியை, அது எவ்வளவு பிரியமானதாக இருந்தாலும், விட்டால்தான் காடு பிழைக்கும்.