உமாபதி தண்ணீரில் இருந்தபோது

“டீச்சர், எனக்குப் பயம் போகவே மாட்டேங்குது,” என்றார் மாசிலாமணி.

தூத்துக்குடி துறைமுகம் பின்னால் சின்னதாகிக்கொண்டிருந்தது. பாய்மரப் படகு கரையோரமாகக் கீழக்கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடுவது டெல்மாவை. நாற்பது வயதிருக்கும். படகு அவருடையது. பாய் விரித்து ஓட்டக் கற்றுக்கொள்ளப் பலர் அவரிடம் வருவார்கள். வேறு எதையோ கேட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் அவர் பாய் விரிக்கத்தான் சொல்லிக்கொடுப்பார்.

“எதுக்குப் பயம், சார்?”

“எல்லாத்துக்கும். நெஞ்சுல ஸ்டென்ட் வச்சதுலேருந்து இப்படித்தான். லிஃப்ட்ல ஏறப் பயம். கார் ஓட்டப் பயம். ராத்திரி கண்ணை மூடப் பயம். காலையில எழுந்திரிக்காமப் போயிட்டா?”

மாசிலாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. ரயில்வேயில் பொறியாளராக இருந்தவர். பாலங்கள் கட்டியவர்.

“கடல்னா கேக்கவே வேணாம். இவங்க ரெண்டு பேரும்தான் இழுத்துட்டு வந்துட்டாங்க.”

அந்த இரண்டு பேர் உமாபதியும் ஹபீபும். கல்லூரி விடுதியில் மூவரும் ஒரே அறை. ஹபீபின் அக்கா வீடு கீழக்கரையில். அங்கே சாப்பாடு காத்திருந்தது. உமாபதியோடு அவருடைய நாய் மிளகும் வந்திருந்தது. கறுப்பு நாட்டு நாய். அதற்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை.

“பயம் போறதுக்கு என்ன செய்யணும், டீச்சர்?”

டெல்மா ஒரு கயிற்றைக் காட்டினார். “அதைக் கொஞ்சம் இழுங்க.”

மாசிலாமணி இழுத்தார்.

“இன்னும்.”

இழுத்தார். பாய் விறைத்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து வேகம் எடுத்தது.

“பயம் போயிடுச்சா?”

“இல்லை.”

“கயிறு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்ப அதைக் கட்டிடுங்க,” என்று சொல்லிவிட்டு டெல்மா சுக்கானைப் பார்க்கப் போய்விட்டார்.

*

நண்பகலுக்குப் பிறகு தென்மேற்கே வானம் கறுத்தது.

“என்ன அது?” என்றார் மாசிலாமணி.

“மழை.”

“ஒண்ணும் ஆகாதுல்ல?”

டெல்மா ஹபீபைக் கூப்பிட்டுப் பெரிய பாயைப் பாதிக்குச் சுருட்டச் சொன்னார்.

“மோட்டார் இருக்கில்ல?”

“இந்தப் படகுல மோட்டார் கிடையாது, சார்.”

“கிடையாதா?”

“எல்லாரும் மிதவைச் சட்டை போட்டிருக்கீங்களா பாருங்க.”

மாசிலாமணி போட்டிருந்தார். படகில் கால் வைக்கும் முன்பே போட்டது. வார்களை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். உமாபதி வெயிலுக்குக் கழற்றிப்போட்டிருந்தார். “இதோ போடறேன், டீச்சர்,” என்றபடி குனிந்து தேடினார்.

காற்று அதற்குள் வந்துவிட்டது.

பின்பக்கமிருந்து யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் படகு முன்னால் பாய்ந்தது. அலை ஒன்று பின்விளிம்பைத் தூக்கிப் போட்டது. மிளகு அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. நகம் மரத்தில் கீறும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

“மிளகு!”

உமாபதி யோசிக்கவில்லை. மிதவைச் சட்டை அவர் கையில் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தார்.

டெல்மா மிதவை வளையத்தை எடுத்து வீசினார். காற்று அதைத் தட்டி எங்கோ கொண்டுபோயிற்று.

மாசிலாமணி பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐயோ, ஐயோ என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று அவருக்குத் தெரியவில்லை.

“சார்!” டெல்மாவின் குரல். “எழுந்திருங்க!”

“முடியாது. முடியாது, டீச்சர்.”

“ஒரு கையால மரத்தைப் பிடிச்சுக்கங்க. இன்னொரு கையை நீட்டி அவரைக் காட்டுங்க. கண்ணை எடுக்காதீங்க. நான் என்ன செஞ்சாலும் சரி, ஹபீப் என்ன கத்தினாலும் சரி. திரும்பாதீங்க.”

“ஹபீபைக் காட்டச் சொல்லுங்க!”

“ஹபீப் பாயை விட்டா நாம எல்லாருமே போயிடுவோம். காட்டுங்க!”

மாசிலாமணி எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. எழுந்தார். இடது கையால் மரத்தை வளைத்துக்கொண்டார். வலது கையை நீட்டினார்.

உமாபதியின் தலை அதற்குள் ஒரு தேங்காய் அளவுக்குச் சிறுத்திருந்தது. அலை ஏறும்போது தெரிந்தது. இறங்கும்போது காணாமல் போனது. ஏறும்போது மறுபடியும் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. தன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறான் என்று மாசிலாமணிக்குத் தோன்றியது.

அவரிடமிருந்து சற்றுத் தள்ளி ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மிதந்தது. குரைப்புச் சத்தம் வந்தது. மிளகு படகை நோக்கி நீந்திக்கொண்டிருந்தது. கண் தானாக அந்த நிறத்தின் பக்கம் ஓடியது. நாய் நன்றாகத் தெரிந்தது. நாயைக் காட்டுவது எவ்வளவு எளிது!

மாசிலாமணி கண்ணை இழுத்துப் பிடித்தார். கறுத்த தண்ணீரில் கறுத்த புள்ளி. அதையே பார்த்தார்.

அப்போது படகு திரும்பியது. உமாபதி இருந்த திசைக்கு அல்ல. அவரை விட்டு விலகி, கடலுக்குள்.

“அந்தப் பக்கம் இல்லை! டீச்சர், அவன் இங்கே இருக்கான்! இங்கே!”

“தெரியும். காத்துக்கு எதிரா நேராப் போக முடியாது. சுத்தித்தான் போகணும். காட்டுங்க.”

“அவன் நம்மைப் பார்த்துட்டிருக்கான். நாம விட்டுட்டுப் போறோம்னு நினைப்பான்!”

“காட்டுங்க, சார்.”

படகு தூரமாகப் போகப் போக மாசிலாமணியின் கை பின்னால் திரும்பிக்கொண்டே வந்தது. புள்ளி எறும்பு அளவாயிற்று. பிறகு பாய் படாரென்று மறுபக்கம் விழுந்தது. படகும் மறுபக்கம் சாய்ந்தது. மாசிலாமணி மரத்தைச் சுற்றிவந்து இன்னொரு கையை நீட்டினார். கண்ணை எடுக்கவில்லை.

மழை பிடித்தது.

எல்லாம் வெள்ளையாகிவிட்டது. கரை இல்லை. வானம் இல்லை. படகின் முன்முனைகூட மங்கலாகத்தான் தெரிந்தது. மழைத்துளிகள் கண்ணுக்குள் குத்தின. இமைத்தார். மறுபடி பார்த்தபோது புள்ளி இல்லை.

அலை ஏறியது. இல்லை.

அடுத்த அலை. இல்லை.

ஹபீப் அல்லாவை அழைத்துக்கொண்டிருந்தார். மிளகின் குரைப்பும் நின்றுவிட்டது.

மாசிலாமணி கையைக் கீழே போடவில்லை. படகு ஒரு பக்கம் தலையை ஆட்டினால் கை மறுபக்கம் நகர்ந்தது. எதை வைத்து நகர்த்தினீர்கள் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. கை நீண்டிருந்தது. அதன் நுனியில் வெறும் மழைதான் இருந்தது.

எவ்வளவு நேரமோ.

“இதோ! இதோ, இதோ!” ஹபீப் கத்தினார்.

உமாபதி படகின் முன்முனைக்குப் பக்கத்திலேயே தண்ணீரில் இருந்தார். மல்லாந்து கிடந்தார். மூக்கும் வாயும் மட்டும் தண்ணீருக்கு மேலே. டெல்மா படகைக் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்தினார். ஹபீப் கயிற்றை வீசினார். மூன்று பேருமாகச் சேர்ந்து அவரை உள்ளே இழுத்துப் போட்டார்கள். மூட்டையைப் போட்டதுபோல் விழுந்தார். உடம்பு ஜில்லிட்டிருந்தது.

உப்புத் தண்ணீரைக் கக்கினார். பிறகு கண்ணைத் திறந்தார்.

“மிளகு?”

டெல்மா அதற்குள் படகைத் திருப்பியிருந்தார். மழை விட்டதும் ஆரஞ்சு நிறம் தானாகவே கண்ணில் பட்டது. ஹபீப் நாயைச் சட்டையின் முதுகுப்பிடியில் பிடித்துத் தூக்கினார். அது நடுங்கிக்கொண்டே எல்லோர் மேலும் தண்ணீரை உதறியது.

யாரும் சிரிக்கவில்லை. ஹபீப் மட்டும் உட்கார்ந்து அழுதார்.

*

மாலையில் வேம்பாறுக்குப் பக்கத்தில் ஆழமில்லாத இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டார்கள்.

உமாபதி போர்வையைச் சுற்றிக்கொண்டு உள்ளே படுத்திருந்தார். அவர் வயிற்றில் தலையை வைத்து மிளகு தூங்கிவிட்டது. ஹபீப் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி டெல்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“மழை வந்தப்ப எனக்கு அவன் தெரியலை.”

“ம்.”

“சுத்தமாத் தெரியலை. முழுகிட்டான்னே நினைச்சேன். எங்கே இருக்கான்னு தெரியாமத்தான் காட்டிக்கிட்டு நின்னேன். உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். வாய் வரலை.”

“ம்.”

“தப்பான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருந்தா?”

“தப்பான இடத்துக்குப் போயிருப்போம்.”

மாசிலாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உங்களுக்கு அவர் தெரியலைங்கறது எனக்கு அப்பவே தெரியும், சார்,” என்றார் டெல்மா.

“எப்படி? நான்தான் வாயே திறக்கலையே.”

“நான் கடலைப் பார்க்கலை. உங்க கையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

மாசிலாமணி தன் கையைப் பார்த்தார்.

“அவர் தெரிஞ்ச வரைக்கும் அது நடுங்கிக்கிட்டே இருந்துச்சு,” என்றார் டெல்மா. “தெரியாமப் போனதும் நடுக்கம் நின்னுடுச்சு. கை மட்டும் இறங்கலை.”